கப்பல் வக்கீலின் வாய்ப்பூட்டு

என் நாத்தனார் சுஜாதா வீட்டு இரும்புக் கேட்டில் ஒரு நங்கூரம் வைத்து வெல்டிங் செய்திருக்கிறார்கள். நங்கூரத்துக்குத் தங்க நிறத்தில் பெயிண்ட். எங்கள் ஊர் கே.ஜி.கண்டிகையில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமானால் நான் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் போயாக வேண்டும். காலையில் திருத்தணிக்குத் தையல் கடைக்குப் போகும்போது ஒரு முறை, சாயங்காலம் திரும்பும்போது ஒரு முறை, அந்த நங்கூரம் என் அடிவயிற்றில் இறங்குகிறது. இதற்குப் பெயர் பொறாமைதான். வேறு நல்ல பெயர் வைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது, வைக்கவும் மாட்டேன்.

ஏனென்றால் என் வீட்டுக்காரரும் கப்பல்காரர்தான். நாகேந்திரன் என்று பெயர். சுஜாதா அவருடைய கூடப்பிறந்த தங்கை. சுஜாதாவின் வீட்டுக்காரர் ஜெகநாதனும் இவரும் ஒன்றாகத்தான் மாலுமிப் பயிற்சிக்குப் போனார்கள், ஒரே கப்பலில்தான் முதன்முதலில் ஏறினார்கள். அந்தச் சிநேகத்தில்தான் தங்கையை அவருக்குக் கட்டிக்கொடுத்தார். இருவரும் ஒரே மாதிரி துரு சுரண்டினார்கள், பெயிண்ட் அடித்தார்கள், கயிறு இழுத்தார்கள். ஜெகநாதன் அண்ணன் இன்றைக்கு போசன். டெக்கில் வேலை செய்கிற மாலுமிகளுக்கெல்லாம் மேஸ்திரி மாதிரி. இவர் இன்றைக்கும் வெறும் மாலுமி, அதுவும் கப்பல் கிடைத்தால். கிடைக்காத காலத்தில் திருத்தணிக்கும் கண்டிகைக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.

வித்தியாசம் இரண்டு பேரின் கையிலும் இல்லை, வாயில்தான். ஜெகநாதன் அண்ணனுக்கு வாய் என்று ஒன்று இருப்பது சாப்பிடும்போதுதான் தெரியும். என் வீட்டுக்காரருக்குச் சாப்பிடும்போதுகூட அது ஓயாது.

முதல் கப்பலிலேயே ஆரம்பித்துவிட்டார். ஒருநாள் கொட்டுகிற மழை. சீஃப் ஆபீசர் வந்து டெக்கைக் கழுவச் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இவர் மட்டும் தனக்குத் தெரிந்த இந்தியையும் இங்கிலீஷையும் சேர்த்துக் குழைத்து, "மழையே கழுவிகினு கீது சார், நடுவுல நான் எதுக்கு? மழையில டெக் கழுவணும்னு எந்தச் சட்டத்துல கீது, காட்டுங்க" என்ற அர்த்தத்தில் கேட்டிருக்கிறார். அந்த ஆபீசர் தலையில் அடித்துக்கொண்டு, "வந்துட்டான் பாரு சீ லாயர்" என்றாராம்.

சீ லாயர் என்றால் கடல் வக்கீல். எதற்கெடுத்தாலும் சட்டம் பேசி, மேலே இருப்பவரோடு மல்லுக்கு நிற்கிற மாலுமிக்குக் கப்பல்காரர்கள் காலங்காலமாக வைத்திருக்கும் பட்டப்பெயர். படித்தவன் என்ற மரியாதையில் வைத்ததில்லை, தலைவலி என்ற எரிச்சலில் வைத்தது. என் மாமியார் கௌரியம்மாள் உயிரோடு இருந்தபோது அதெல்லாம் விசாரிக்காமல், "எங்க நாகேந்திரன் கப்பல்ல வக்கீலாயிட்டான்" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்துவிட்டுப் போய்ச்சேர்ந்தார். அதிலிருந்து இவருக்குக் கண்டிகையில் கப்பல் வக்கீல் என்றே பெயர். ஆட்டோவில் ஏறுகிறவர்கள்கூட, "வக்கீல் சார், அந்த வளைவுல கொஞ்சம் நிறுத்துங்க" என்பார்கள். இவர் சிரித்துக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இவர் பேசுவதெல்லாம் நியாயம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாதிக்குப் பாதி தோற்பார். அரக்கோணத்தில் ஒரு தடவை, தன் டிக்கெட் செல்லும் என்று டிக்கெட் பரிசோதகரிடம் வாதாடினார். வந்த ரயில் போய், அடுத்த ரயிலும் போய், கடைசியில் அபராதத்தையும் கட்டிவிட்டு வந்தார். எங்கள் கல்யாணத்தில் தாலி கட்டி முடித்த கையோடு போட்டோக்காரரிடம் சண்டை. ஆல்பத்தில் நான் தலைகுனிந்து வெட்கப்படுவது போல ஒரு படம் இருக்கும். அது வெட்கம் இல்லை, அவமானம்.

ஒரே ஒரு தடவை இவர் பேச்சால் நல்லது நடந்தது. ஒரு கப்பலில் குடிக்கிற தண்ணீர் துரு நிறத்தில் வந்தது. எல்லாரும் துணியில் வடிகட்டிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துக்கொண்டு போய், கேப்டன் சாப்பிடுகிற மேஜையில் வைத்து, "குடிங்க சார்" என்றார். அடுத்த துறைமுகத்தில் நல்ல தண்ணீர் ஏற்றினார்கள். அந்தத் தண்ணீரை ஜெகநாதன் அண்ணனும்தான் குடித்தார். ஆனால் இறங்கும்போது அவருக்குப் பதவி உயர்வு, இவருக்கு வாயாடி என்று ரிப்போர்ட். என் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அதற்கப்புறம்தான் சுஜாதா அந்த வீட்டைக் கட்டினாள். மாடி, கிரானைட், இரண்டு கதவு ஃபிரிட்ஜ், எல்லாம். கிரகப்பிரவேசத்துக்கு அவளுடைய ஜாக்கெட்டை நான்தான் தைத்தேன். அரை இஞ்ச் இறுக்கித்தான் தைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். விசேஷத்தன்று என் வீட்டுக்காரர் மாடிப்படியைப் பார்த்துவிட்டு, கைப்பிடிச் சுவர் உயரம் போதாது, குழந்தைகள் விழும் என்று பந்தியில் பக்கத்து இலையிலிருந்த இன்ஜினியரைப் பிடித்துக்கொண்டார். குரல் ஏறியது. பந்தியே திரும்பிப் பார்த்தது. சுஜாதா ஓடிவந்து, "வாய மூடிகினு சாப்ட்டுட்டு போண்ணா" என்றாள். அத்தனை பேர் எதிரில். இவர் இலையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். அன்றோடு தங்கை வீட்டு வாசலை மிதிப்பதில்லை.

போன ஆனி மாதம் சென்னையிலிருந்து போன் வந்தது. கப்பலுக்கு ஆள் எடுத்து அனுப்பும் ஏஜென்சிக்காரர். ஜெகநாதன் அண்ணனை அனுப்பியதும் அதே ஏஜென்சிதான். கடைசிக் கப்பலிலிருந்து இறங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்ததால் இவர் ஸ்பீக்கரில் போட்டதும் நான் வீட்டுத் தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"நாகேந்திரா, ஆள் தேவைப்படும் போல இருக்கு. மெடிக்கல் முடிச்சு வெச்சுக்கோ. ஆனா ஒண்ணு, போற எடத்துல வாயத் தொறக்காம இருப்பியா?"

"கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னா தொறக்க மாட்டேன் சார்."

"இதுக்குத்தான்யா உன்ன கூப்புடவே பயமா இருக்கு. பார்க்கலாம்" என்று வைத்துவிட்டார்.

பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டோம் என்று அர்த்தம். எனக்கு அழுகை வந்தது. சாமி படத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். "தணிகாசலத்தானே, இந்த மனுஷன் வாயக் கட்டு. கப்பல் கிடைக்கணும். ஆடிக் கிருத்திகைக்கு வாய்ப்பூட்டோட காவடி எடுக்க வெக்கறேன்."

வாய்ப்பூட்டு என்றால் நிஜமான பூட்டு இல்லை. மேலுதட்டையும் கீழுதட்டையும் சேர்த்துக் குத்துகிற சின்ன வெள்ளி வேல். அடிவாரத்தில் குத்தினால் மலைமேல் தரிசனம் முடிகிறவரை பேச முடியாது, தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. நடுவில் எடுத்துவிட்டால் நேர்த்திக்கடன் முறிந்துபோகும்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். என் கண்ணையே பார்த்தார்.

"வேண்டிக்கினது நீ, குத்திக்கிறது நானா? இது எந்தச் சட்டம்?"

"முருகன் சட்டம்."

"அதுல எத்தனாவது பிரிவு?"

எனக்குத் தலைக்கேறியது. "தெனம் காலையில சுஜாதா வீட்டு நங்கூரத்த தாண்டிப் போறனே, அது எப்டி கீதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கத்தினேன். அப்புறம் அழுதேன். எங்கள் பெண் அபி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இவர் கொஞ்ச நேரம் சோற்றை அளைந்துகொண்டிருந்தார். கேட்பதற்குப் பத்துக் கேள்வி இருந்திருக்கும். ஒன்றையும் கேட்கவில்லை.

"சரி, குத்திக்கிறேன்" என்றார்.

எதற்கும் இருக்கட்டும் என்று மெடிக்கலையும் முடித்துவிட்டு, காப்புக் கட்டி விரதம் ஆரம்பித்தார். கிருத்திகைக்கு முந்தின வாரம், திருத்தணியில் என் கடைக்கு சுஜாதா வந்தாள். வாடிக்கையாளர் உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் ஒரு சேலை ஓரத்துக்கு பீகோ அடித்துக்கொண்டே இருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

"அண்ணி, அவரு எடது கையில சாப்புடறாரு" என்றாள்.

மிஷின் நின்றது.

"வீடியோ கால்ல பார்த்தேன் அண்ணி. தட்ட மடியில வெச்சிகினு எடது கையால எடுத்து எடுத்து போட்டுக்கறாரு. வலது கைய காட்டவே மாட்டேன்றாரு. நான் அழுது ஆர்ப்பாட்டம் பண்ண அப்பால காட்டினாரு. கப்பல கட்டுற கயிறுல மாட்டி நசுங்கிக்கிது. ரெண்டு விரலு கத்திரிக்கா கணக்கா கறுத்து வீங்கிக்கிது."

"டாக்டருகிட்ட காட்லியா?"

"மலேசியா பக்கம் துறைமுகத்துக்கு வெளிய நங்கூரம் போட்டு நிக்குதாம். உள்ள போனதும் காட்டலாம்னு சொல்றாங்களாம். எப்ப உள்ள போவும்னு தெரியாதாம். கான்ட்ராக்ட்டும் முடிஞ்சிப் போச்சி அண்ணி, எறக்கி விட ஆள் அனுப்பல. கேளுங்கன்னு சொன்னா, கேட்டா தப்பா நெனச்சுப்பாங்கன்றாரு." அவள் என் மிஷினின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன்கிட்ட சொல்லுங்க அண்ணி. என் மேல கோவம், நான் கூப்ட்டா எடுக்க மாட்டாரு. அண்ணன் ஏஜென்சிக்கு ஒரு போன் போட்டு நாலு கேள்வி கேட்டா போதும்."

முதலில் எனக்குள் வந்தது இரக்கம் என்று எழுதினால் அது பொய். அன்றைக்கு வாயை மூடு என்று பந்தியில் சொன்னவளுக்கு இன்றைக்கு எங்கள் வீட்டு வாய் வேண்டியிருக்கிறதா என்றுதான் தோன்றியது. அடுத்து தோன்றியது இன்னும் மோசம். இவர் அந்த ஏஜென்சிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தால், கிடைக்க இருக்கிற கப்பலும் போய்விடும். போசன் பெண்டாட்டிக்காக நான் என் புருஷன் பிழைப்பைத் தாரை வார்ப்பதா?

"அவரு விரதத்துல கீறாரு சுஜாதா. கிருத்திகை முடியட்டும், சொல்றேன்" என்றேன்.

அவள் எழுந்தாள். கிரகப்பிரவேசத்துக்கு நான் தைத்துக்கொடுத்த அந்த ஜாக்கெட்டைத்தான் போட்டிருந்தாள். கை சரியாக மேலே தூக்க வராமல், தலையைக் கீழே இறக்கித்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கிருத்திகையன்று திருத்தணி மஞ்சளாக இருந்தது. சித்தூர், நகரி, சோளிங்கர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் காவடிகள். சரவணப்பொய்கையில் குளித்துவிட்டு இவர் ஈரவேட்டியோடு வந்து நின்றார். அலகு குத்துகிறவர் வாயைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உதடு நல்லா தடிப்பா கீது, நிறைய பேசுவீங்களோ?" என்று கேட்டார். பதில் சொல்ல இவர் வாயைத் திறந்தார். "குத்துங்க, சீக்கிரம் குத்துங்க" என்றேன் நான்.

வேல் இறங்கியது. ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லை. அரோகரா போட்டுக்கொண்டு, புஷ்பக் காவடியைத் தோளில் ஏற்றி நடந்தார். அபி பால்சொம்போடு முன்னால் போனாள். நான் பின்னால் போனேன். கல்யாணமான நாளிலிருந்து இவரோடு நான் அவ்வளவு அமைதியாக நடந்ததில்லை. வழியில் ஒரு தொண்டர் எங்கள் வரிசையை நிறுத்தி, வேறு ஒரு கும்பலை முன்னால் விட்டார். இவர் புருவம் நெற்றி வரை ஏறியது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. முருகா, இப்படியே கப்பலிலும் வை என்று கும்பிட்டுக்கொண்டேன்.

படியில் பாதிதூரம் ஏறியிருப்போம். கீழேயிருந்து "அண்ணா! அண்ணா!" என்று சத்தம். சுஜாதா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். காலில் செருப்பு இல்லை, முந்தானை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. நேராக அண்ணனுக்கு எதிரில் போய் போனை நீட்டினாள்.

"பாருண்ணா. இன்னிக்கு காலையில அனுப்ச்சாரு. காய்ச்ச வந்துட்ச்சாம். கை முட்டி வரைக்கும் வீங்கிக்கிது."

போனில் ஒரு கை. கை என்று சொன்னால்தான் கை என்று தெரியும்.

இவர் அதைப் பார்த்தார். எப்போதிலிருந்து என்று கேட்பதுபோலத் தங்கையைப் பார்த்தார். "போன வாரமே அண்ணிகிட்ட சொன்னேண்ணா. கிருத்திகை முடியட்டும்னாங்க" என்றாள் அவள். குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். இவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

இவர் வாயைப் பார்த்து நான் எத்தனையோ தடவை பயந்திருக்கிறேன். பேச முடியாத அந்த வாயைப் பார்த்துப் பயந்த மாதிரி என்றைக்கும் பயந்ததில்லை. கை வேலுக்குப் போகிறது என்றே நினைத்தேன். பிடுங்கிவிடுவார், நேர்த்தி முறிந்துவிடும், எல்லாம் போய்விடும். ஆனால் அவர் வேலைத் தொடவில்லை. தங்கை கையிலிருந்த போனை வாங்கி, என் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். பேசு என்று மோவாயைத் தூக்கிக் காட்டினார்.

அந்தக் கூட்டத்தில், சுஜாதா போனில் இருந்த ஏஜென்சி நம்பருக்கு லைன் கிடைப்பதே பாடாக இருந்தது. இரண்டு தடவை அறுந்து, பிறகு வாட்ஸாப்பில் மணி அடித்தது. ஏஜென்சிக்காரர் எடுத்தார், நான் ஹலோ என்றேன்.

"யாரும்மா பேசறது?"

நாகேந்திரன் சம்சாரம் என்று சொல்ல முடியுமா? அங்கேயே கப்பல் கவிழ்ந்துவிடும். "சுஜாதா பேசறேன். போசன் ஜெகநாதன் சம்சாரம்" என்றேன்.

எத்தனை வருடமாக ஆசைப்பட்ட பெயர். அந்தப் பெயருக்குள்ளே ஒரு கறுத்த கை இருந்தது, காய்ச்சல் இருந்தது. நிஜ சுஜாதா என் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"சொல்லும்மா, ஜெகநாதன் நல்லா இருக்காரா? ரொம்ப நல்ல மனுஷன், ஒரு வார்த்தை பேச மாட்டாரு."

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "அவரு பேசலன்னா நீங்க கேக்க மாட்டீங்களா சார்? கை அழுகிகினு கீது. கை நசுங்குனவன டாக்டருகிட்ட காட்டாம ஒரு வாரத்துக்கு மேல வெச்சிருக்கலாம்னு எந்தச் சட்டத்துல கீது, காட்டுங்க."

"எனக்குத் தகவலே வரலம்மா..."

"தகவல் சொல்றது யாரு வேல? கேப்டன் வேலையா, இல்ல இங்க வீட்ல குந்திகினு கீற என் வேலையா? கான்ட்ராக்ட் முடிஞ்சுதா, இல்லையா? அத சொல்லுங்க மொதல்ல."

"முடிஞ்சுதும்மா, ஆனா..."

"ஆனா எல்லாம் வேணாம் சார். முடிஞ்சுதா, இல்லையா?"

நகரிக் காவடிக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பெரியம்மா "அப்டி கேளும்மா" என்றாள். சமையலறையில் நின்றுகொண்டு வருடக்கணக்காக நான் காதில் வாங்காமல் வாங்கியதெல்லாம் வரிசையாக வந்துகொண்டிருந்தது. கேஸ் சிலிண்டர்காரரிடம் இவர் கேட்டது, கண்டக்டரிடம் கேட்டது, அந்தப் போட்டோக்காரரிடம் கேட்டது. இவர் காவடிக்குக் கீழே நின்று என்னையே பார்த்தார். கண் பளபளவென்று இருந்தது. ஒரு இடத்தில் நான் தடுமாறியபோது, விரலை நீட்டி இன்னொன்று கேள் என்பதுபோல ஆட்டினார்.

"சரிம்மா, சரி" என்றார் ஏஜென்சிக்காரர். "இப்பவே கேப்டன்கிட்ட பேசறேன். படகு வெச்சு இன்னிக்கே கரைக்குக் கூட்டிகினு போய் டாக்டர்கிட்ட காட்டச் சொல்றேன். போதுமா?"

"காட்டிட்டு? மறுபடியும் கயிறு இழுக்க வெப்பீங்களா? வீட்டுக்கு அனுப்புங்க."

"அனுப்பணும்னா பதிலுக்கு ஒரு ஆள் ஏறணும்மா. அங்க இருக்கற ஒருத்தர போசன் ஆக்கிடலாம், ஆனா அந்த எடத்துக்கு ஒரு மாலுமி வேணும். திடீர்னு நான் எங்க போறது?"

"ஆள் கீறாரு சார். மெடிக்கல் முடிச்சி ரெடியா கீறாரு. எங்க..." ஒரு நொடி நின்று, சுஜாதாவாகவே சொன்னேன். "எங்க அண்ணன். நாகேந்திரன்."

"ஐயையோ, அந்த சீ லாயரா? வேணாம்மா, பேசியே கப்பல நிறுத்திடுவான்."

"இனிமே பேச மாட்டாரு. நீங்களே பாருங்க" என்று வீடியோவை அழுத்தி, போனைத் திருப்பிக் காட்டினேன்.

சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் என்னத்தைப் பார்த்திருப்பார்? உடம்பெல்லாம் விபூதி, தோளில் காவடி, இரண்டு உதட்டையும் பூட்டிக்கொண்டு ஒரு வெள்ளி வேல், அதற்கு மேலே அசையாத இரண்டு கண்கள்.

"முருகா" என்று ஒரு குரல் வந்தது. "நாளைக்குக் காலையில பாஸ்போர்ட்ட எடுத்துகினு வரச் சொல்லும்மா."

அன்றைக்கே ஜெகநாதன் அண்ணனைக் கரைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு விரலின் நுனி போனது, கை தப்பியது. ஆள் வந்து சேரும்வரை கட்டோடு கப்பலில் உட்கார வைத்தார்கள். இவர் போய் ஏறினார், அவர் இறங்கினார். நான் கேட்டதைச் சாமி கொடுத்துவிட்டது. என் புருஷன் கப்பலில் இருக்கிறார். கண்டிகையில் இனிமேல் நான் எந்த நங்கூரத்தைப் பார்த்தும் வயிறெரிய வேண்டியதில்லை.

அப்படித்தான் நினைத்தேன்.

ஆவணியில் ஒரு சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தேன். சுஜாதா வீட்டுக் கேட் திறந்திருந்தது. கிரானைட் படியில் ஜெகநாதன் அண்ணன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுஜாதா எதிரில் உட்கார்ந்து, மோர்சாதத்தைப் பிசைந்து, ஊறுகாயைத் தொட்டு, அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் இடது கையால் சாப்பிட்டிருக்கலாம். சாப்பிடத் தெரியும் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் அவள் ஊட்டினாள், அவர் வாயைத் திறந்தார். என் வயிறு எரிந்த எரிச்சலில் அந்த நங்கூரமே உருகியிருக்க வேண்டும்.

"அண்ணி, உள்ள வாங்க" என்றாள் சுஜாதா. கிருத்திகைக்கு அப்புறம் அவள் என்னை இப்படித்தான் வாய் நிறையக் கூப்பிடுகிறாள். நான் கேட்டிலேயே நின்றேன்.

"பாவா பேசினாராம்மா?" என்று ஜெகநாதன் அண்ணன் தன் மச்சானைப் பற்றிக் கேட்டார்.

"பேசினாரு. சாப்ட்டீங்களான்னா ஆங்ன்றாரு. நல்லா கீறீங்களான்னா ஆங்ன்றாரு. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. வாயத் தொறக்கறது இல்ல போல, வேண்டுதல் பலிச்சிட்ச்சி" என்றேன். பெருமையாகச் சொல்லத்தான் நினைத்தேன். குரல் அப்படி வரவில்லை.

அவர் சிரித்தார். அப்புறம், நான் அவரைப் பார்த்த நாளிலிருந்து பேசாத அளவுக்குப் பேசினார்.

"வாயத் தொறக்கறது இல்லையா? யாரு சொன்னது? ஏணியில ஏறி டெக்குல கால் வெச்சாரு, பையக்கூட எறக்கல. நான் ஓரமா நின்னுகினு இருந்தேன். என் கைக்கட்ட பார்த்தாரு. நேரா சீஃப் ஆபீசர்கிட்ட போயி, 'இந்தக் கையப் பார்த்துகினே நீ எப்டிய்யா மூணு வேள சோறு துன்னே'ன்னு கேட்டாரும்மா. கேப்டன் வந்தாரு, அவரையும் கேட்டாரு. படகுக்காரன் ஆரன் அடிச்சிகினே கீறான், இவரு விடல. எனக்காக ஒருத்தன் அப்டி சண்ட போட்டு நான் பார்த்ததே இல்ல." அவர் கண்ணைத் துடைக்க, சுஜாதா முந்தானையைக் கொடுத்தாள்.

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டேன். நான் சொன்னேன் என்று குத்திக்கொண்ட வாய். அதை இவள் புருஷனுக்காகத் திறந்திருக்கிறார். மறுபடியும் வாயாடி என்று ரிப்போர்ட் வரும், அடுத்த கப்பல் வருமோ வராதோ, அது என் கவலையாகவே இல்லை. அங்கே போய் ஒரு நல்ல சண்டை போட்டிருக்கிறார், அதுவும் சுஜாதா வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது. எனக்கு வெறும் ஆங்.

அங்கேயே நின்று போனை எடுத்துக் கூப்பிட்டேன். ரொம்ப நேரம் அடித்து, எடுத்தார்.

"ஆங்" என்றார்.

"யோவ், என்கிட்ட சண்ட போடுய்யா."

"இன்னாத்துக்கு? நீதான பேசக்கூடாதுன்னு வேண்டிக்கினே?"

"ஆமா, வேண்டிக்கினது நானு, குத்திக்கினது நீ. அது எந்தச் சட்டம்? சொல்லு."

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமிக்கொள்கிற சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த சத்தம்.

"அத நான்தான அன்னிக்கே கேட்டேன்? நீ பதில் சொன்னியா? மொதல்ல அந்தப் பிரிவு எத்தனாவதுன்னு சொல்லு, அப்பால மத்தது பேசலாம். ஒருத்தரு வேண்டிக்கினா இன்னொருத்தரு குத்திக்கணும்னு..."

நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். சத்தத்தை முழுசாக ஏற்றி, சுஜாதா நிமிர்ந்து பார்க்கிறவரை அந்தக் கேட்டிலேயே நின்றேன்.